பாலம் வரைக்கும் வந்தவர்கள்

எங்கள் நகர் எந்த ஊரில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் நான் சிரிப்பேன். "எந்த ரூமைக் கேக்கறீங்க?" என்பேன். சமையலறை கோயில் ஊரில், ஹால் ரோட்டு ஊரில் என்று நிலம் அளக்க வந்தவர் எங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சோற்றை வடித்து ஹாலுக்குக் கொண்டு வருவதற்குள் ஒரு ஊரைத் தாண்டி விடுகிறேன் என்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யாராவது அதே கேள்வியைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன். எழுத உட்கார்ந்தும் பாதி நாள் இந்த முதல் பத்தியிலேயே போய்விட்டது.

ஊர்ப் பெயர்களை எழுதப் போவதில்லை. எழுதினால் மூன்று ஊரும் சண்டைக்கு வரும். ஒன்றை ஏரி ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கோயில் ஊர், மற்றொன்று ரோட்டு ஊர். மூன்று ஊரின் கடைசி நிலங்களும் வந்து முட்டிக்கொண்ட இடம்தான் எங்கள் நகர். தண்ணீர் ஏறாத மேட்டு நிலம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார்களாம், போட்டதில் பாதியை மயில் தின்றுவிடுமாம். ஒரகடத்துக்குக் கம்பெனிகள் வந்ததும் ஒரு புரோமோட்டர் மூன்று ஊரிலும் வாலை மட்டும் வெட்டி வாங்கிக் கல் நட்டு பிளாட் போட்டார். ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் எல்லையாக இருந்தது பனை வரிசை. அதை வெட்டி விட்டார்கள். மிச்சம் இருந்த எல்லை ஒன்றே ஒன்று, ஏரியின் உபரித் தண்ணீர் ஓடும் வாய்க்கால். அதன் குறுக்கே ஒரு சின்னப் பாலம் உண்டு. கைப்பிடிச் சுவர் கூட இல்லாத பாலம்.

நகர் முகப்பில் ஆர்ச் கட்டினோம். பெயர் எழுத வந்த பெயின்டர் நகர் பெயரை எழுதிவிட்டு, "கீழே எந்த ஊர்னு போடறது?" என்று கேட்டார். குடியிருப்போர் சங்கம் கூடியது. ஏரி ஊர் போட்டால் கோயில் ஊர் கோபிக்கும், கோயில் ஊர் போட்டால் வரி வாங்கும் ரோட்டு ஊர் கோபிக்கும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று மஞ்சள் பட்டையை மட்டும் அடித்துவிட்டு அவர் போனார். அந்தப் பட்டை இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது. புறா எச்சம் போட்டு வைத்திருக்கிறது.

எங்களுக்கு வரி ரோட்டு ஊரில், ரேஷன் ஏரி ஊரில், ஓட்டு கோயில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். தேர்தல் வந்தால் மூன்று ஊர்ப் பெரிய மனிதர்களும் எங்கள் தெருவில் நிற்பார்கள். "நீங்கல்லாம் நம்ம ஊரு ஆளுங்கதானேம்மா" என்று மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள் அல்லவா, அந்த ரகம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. மூன்று ஊர் போட்டி போட்டுச் சொந்தம் கொண்டாடும் போது நமக்கு என்ன குறை என்று இருந்தேன்.

தவிர, எங்களுக்குள்ளேயே ஒரு ஊர் உண்டாகிவிட்டது என்று நான் நம்பினேன். அதற்குக் காரணம் துண்டு.

எங்கள் தெருவில் பெரும்பாலும் கம்பெனி ஆட்கள். செய்யாறு, திருநெல்வேலி, தருமபுரி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஆம்பளைகள் வாரம் மாறி வாரம் நைட் ஷிப்ட். விடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ரெண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு படுத்தால் சாயங்காலம்தான் எழுவார்கள். அதுவரை வீட்டில் சத்தம் கூடாது. ஆரம்பத்தில் யாரோ ஒருத்தி தன் வீட்டு கேட்டில் சிவப்புத் துண்டு ஒன்றைக் கட்டி வைத்தாள். உள்ளே ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். அது அப்படியே தெருவின் வழக்கம் ஆகிவிட்டது. துண்டு கட்டிய வீட்டில் காலிங் பெல்லை அழுத்தக் கூடாது. கீரைக்காரர் அந்த வீடு வந்ததும் வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தள்ளுவார். பிள்ளைகள் கிரிக்கெட்டை அடுத்த தெருவுக்குக் கொண்டு போய்விடும். நான் மாவு அரைத்து விற்பவள். துண்டு கட்டிய வீடுகளைக் கணக்குப் பார்த்துத்தான் கிரைண்டரைப் போடுவேன். என் வீட்டுக்காரரும் ஷிப்ட் ஆள்தான். யார் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. துண்டு இருக்கிறதா இல்லையா என்பதுதான் எங்களுக்குச் சட்டம். மணிமங்கலத்துப் பக்கம் பிறந்து, தெருவுக்குத் தெரு ஆளைப் பிரித்துப் பார்க்கும் ஊரில் வளர்ந்த எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. என் தங்கையிடம் போனில் பீற்றிக்கொள்வேன்.

அந்தத் துண்டால்தான் கோயில் ஊரோடு எங்களுக்கு முறிந்தது. ஆடி மாதம் அவர்கள் எல்லை கட்டுவார்கள். பம்பை, உடுக்கையோடு கரகம் எடுத்து ஊர் எல்லை முழுக்கச் சுற்றி, அந்த எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு வாசலிலும் வேப்பிலை செருகி மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போவார்கள். ஆரம்ப வருஷங்களில் எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். வெயில் ஏறும் நேரத்தில், தெரு முழுக்கத் துண்டு தொங்கும் போது, பம்பை காதைக் கிழிக்கும். ஒரு ஆடியில் தூக்கம் கெட்ட ஆம்பளைகள் லுங்கியோடு தெருவில் இறங்கிவிட்டார்கள். சங்கத்துச் செயலாளர் முன்னால் நின்றார்.

"எங்களுக்கு இதெல்லாம் வேணாங்க. இது ஊர் இல்ல, நகர்."

பூசாரி கையிலிருந்த மணியை நிறுத்தினார். "உங்களுக்கும் சேத்துதாங்க எல்லை கட்றோம்."

"எங்க எல்லைய நாங்க பாத்துக்கறோம்."

அவர் கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் வேப்பிலை செருகவில்லை. நல்லதாகப் போயிற்று என்று எல்லோரும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

எதிர் வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம். இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் லைனில் ஆபரேட்டர். மனைவி, காலேஜில் சேர்ந்திருந்த ஒரே மகள், அவ்வளவுதான் குடும்பம். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர், ஆனால் வம்புக்குக் குறைச்சல் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வரும் போதே என் கடைப் பக்கம் எட்டிப் பார்த்து, "யக்கா, இந்த மாவ எங்கூர்ல வித்தா கேஸ் போட்டுருவாங்க" என்பார். "அப்ப உங்கூர்லயே போயி வாங்கு" என்பேன். அது எங்களுக்குத் தினப்படி வணக்கம் மாதிரி. போன ஆடியில் ஒரு நாள் காலையும் அப்படித்தான் சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி வந்து கேட்டில் துண்டைக் கட்டினாள்.

அன்று புழுக்கம். தெருவே அடங்கிக் கிடந்தது. அவள் குக்கர் வைக்காமல் பழைய சோற்றைத் தின்றாள். மத்தியானம் என்னிடம் ஊறுகாய் வாங்க வந்த போது கூட ஜாடையில்தான் கேட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று விழுந்து அலறிய போது அதன் அம்மா ஓடி வந்து வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். எதிர் வீட்டில் துண்டு கட்டியிருக்கிறதே என்று நானும் அரிசியை ஊற வைத்தபடியே போட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஷிப்ட்டுக்கு எழுப்ப அவள் டீயோடு உள்ளே போனாள். டம்ளர் விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தம் இருக்கிறதே, அதை எழுதத் தெரியவில்லை.

வந்து பார்த்த டாக்டர், உயிர் போய் வெகு நேரம் ஆகிறது, காலையிலேயே போயிருக்கும் என்றார். காலையிலேயே என்றால்? அவள் பழைய சோற்றைத் தின்றது, நான் கிரைண்டரை நிறுத்தி வைத்தது, கீரைக்காரர் வாயை மூடிக்கொண்டு போனது எல்லாம்? ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து செத்த மனிதரின் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாராவது கொஞ்சம் சத்தம் போட்டிருக்கலாம். ஒரு பாத்திரமாவது விழுந்திருக்கலாம். துக்கம் கேட்க வந்தவர்கள் கேட்டில் துண்டைப் பார்த்ததும் பழக்கத்தில் குரலைத் தாழ்த்தினார்கள். பொறுக்க முடியாமல் நான் போய் அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப் போய், பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

அதிர்ச்சி அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அது ஆரம்பம்தான்.

மறுநாள் காலை, கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சொந்த ஊருக்குக் கொண்டு போகலாமே என்று யாரோ பேச்சை எடுத்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. அங்க அண்ணன் தம்பி யாரோடயும் அவியளுக்குப் பேச்சு கெடையாது. இங்கனயே இருக்கட்டும். நானும் பிள்ளையும் இங்கன தான இருக்கப் போறோம், அடிக்கடி போயிப் பாத்துக்கிடலாம்லா."

அவர்கள் வழக்கத்தில் எரிப்பது இல்லை, புதைப்பது. அதனால் ஆறடி மண் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். மூன்று ஊர் இருக்கிறது, மூன்று சுடுகாடு இருக்கிறது, அது என்ன பெரிய விஷயம் என்று என் வீட்டுக்காரரும் செயலாளரும் இன்னும் சில ஆம்பளைகளும் பைக்குகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நான் அவளிடம், "கவலப்படாத, இன்னும் செத்த நேரத்துல வந்துடுவாங்க" என்று சொல்லி ஒரு வாய் காப்பி குடிக்க வைத்தேன்.

திரும்பி வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ரோட்டு ஊரில், காப்பு கட்டியாயிற்று, இனி வெளியிலிருந்து பிணம் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வரி வாங்குகிறீர்களே என்று செயலாளர் கேட்டிருக்கிறார். வரி வேறு, சாமி வேறு என்றார்களாம். ஏரி ஊரில், எங்களுக்கே இடம் போதவில்லை என்றார்கள். கோயில் ஊரில் அந்தப் பூசாரியே இருந்திருக்கிறார். கோபமாகக் கூடப் பேசவில்லையாம்.

"உங்க எல்லைய நீங்களே பாத்துக்கறோம்னு சொன்னீங்க. பாத்துக்கங்க."

ஓட்டு கேட்க வந்த மூன்று பெரிய மனிதர்களுக்கும் என் வீட்டுக்காரர் போன் போட்டார். ஒருவர் வெளியூரில் இருந்தார். ஒருவர் எடுக்கவில்லை. மூன்றாமவர், "ஊர்க் கட்டுப்பாடு, நான் ஒன்னும் பண்ண முடியாதுபா" என்றார். உயிரோடு இருக்கும் வரை மூன்று ஊருக்கும் சொந்தம், செத்தால் ஒரு ஊருக்கும் வேண்டாம். என்ன நியாயம் இது? நான் வாய்விட்டே கத்தினேன். செயலாளர் என்னை, "பொறுங்கம்மா" என்றார். என்னத்தைப் பொறுப்பது? பெட்டிக்குள் மனிதர் கிடக்கிறார்.

அவரோடு ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள் நைட் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர், நாற்பது வயது இருக்கும், பிளாஸ்டிக் சேரைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அண்ணி, எங்களுது ஏரி ஊரு காலனி. எங்க சுடுகாடு தனியா கீது, பாலத்துக்கு அந்தாண்ட. அங்க கொண்டாந்துடலாம்."

வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் தெருவை ஊர்க்காரர்கள் காலனி என்பார்கள். அங்கே இருப்பவர்களுக்கு ஊர்ச் சுடுகாட்டில் இடம் கிடையாது. தலைமுறை தலைமுறையாகத் தனிச் சுடுகாடுதான். அவர் அங்கேயே நின்று தன் ஆட்களுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கமும் சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. "அவங்க நாளைக்கு நம்மள வூட்டுக்குள்ள வுடுவாங்களான்னு நான் எப்டிபா சொல்றது? அத அப்பறம் பாத்துக்கலாம். இவரு எங்கூட வேல செஞ்சவரு, அவ்ளோதான். குழி வெட்ட ஆள அனுப்பு" என்று கொஞ்சம் சிடுசிடுப்பாகவே சொல்லிவிட்டு போனை வைத்தார். யாரும் நன்றி சொல்வதற்கு முன்னால் வெளியே போய் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யார் முகத்திலும் அந்த அப்பாடா இல்லை. செயலாளர் தன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "அப்ப இவங்களும் அவங்க ஆளுங்கதானா?" என்று ஒருத்தி இன்னொருத்தி காதில் கேட்டது எனக்கே கேட்டது. முந்தின நாள் வரை எதிர் வீட்டில் கிண்ணத்தை நீட்டிக் குழம்பு வாங்கித் தின்றவள் அவள். இன்னொருத்தி குனிந்து எதிர் வீட்டுக்காரியிடமே சொன்னாள்.

"அது யாரு சுடுகாடுன்னு தெரியும்ல உனக்கு? யோசிச்சிக்க."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்க்கா. மத்த மூணும் யாரோடதுன்னுந் தெரியும்" என்றாள்.

அவர்கள் என்ன ஆட்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் போவதில்லை.

மத்தியானத்துக்கு மேல் எடுத்தார்கள். புதைப்பதென்றாலும் தீச்சட்டி உண்டு, மகள்தான் பிடித்தாள். தெருவிலிருந்த ஆம்பளைகள் எல்லோரும் கிளம்பினார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் நின்று பூ வாரி இறைத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு ஆறிற்று. பெண்கள் பேசினால் பேசட்டும், ஆம்பளைகள் போகிறார்களே. வண்டி பாலம் வரைதான் போகும். அதற்கு அப்பால் வரப்பு வழி, தோளில்தான் சுமக்க வேண்டும். அவர் கொஞ்சம் கனமான ஆள், நிறையத் தோள் தேவைப்படும் என்று கூட நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவோம். திரும்பி வந்து வாசலைக் கழுவிவிட்டு, சுடுகாட்டுக்குப் போனவர் தலைக்கு ஊற்றிக்கொள்ள வாசலிலேயே ஒரு பக்கெட் தண்ணீர் வைக்க வேண்டும். குளிக்காமல் படி ஏறக் கூடாது. அன்று தெருவில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் பக்கெட் வைத்தார்கள். நீலம், பச்சை, பெயின்ட் டப்பா, ஒரு வீட்டில் பித்தளை அண்டா கூட. கேட்டுக்கு ஒன்றாக வரிசையாக நின்றது. எங்கள் வீட்டில் நான் அடுப்பில் வெந்நீர் வைத்துக் கலந்து விளாவி வைத்தேன். அவருக்குச் சளி பிடித்திருந்தது. அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்ற போது எனக்கு அழுகை வந்தது. எந்த ஊரும் வேண்டாம் என்றாலும் இதோ எங்கள் தெரு இருக்கிறது என்று நினைத்தேன். என்னை நானே இப்போது நினைத்துப் பார்த்தால் சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவ்வளவு சீக்கிரம் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வெந்நீரின் ஆவி கூட அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்தார். பக்கெட்டை ஒட்டி நடந்தார். கால் படாமல் சுற்றிக்கொண்டு போய்ப் படி ஏறினார்.

"ஐயோ, குளிக்காம போறீங்களே!"

"நான் அங்க போவல."

எனக்குப் புரியவில்லை. "முடிஞ்சிதா?" என்றேன்.

"பாலத்தாண்ட வரைக்கும் போனேன். அப்பால அவங்க எடுத்துக்கினு போயிட்டாங்க."

"நீங்க?"

"நம்ம சுடுகாடா அது?"

நம்ம சுடுகாடு என்று இந்த மனிதர் எதைச் சொல்கிறார்? காலையில்தான் மூன்று சுடுகாட்டு வாசலிலும் நின்று, இடம் இல்லை என்று விரட்டப்பட்டு வந்தவர். கோபத்தில் என் பக்கத்தில் நின்று போனில் கத்தியவர். அவர் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார்.

"நம்ம பையனுக்குப் பொண்ணு பாக்கணும். நாளைக்கு இது காத்துவாக்குல எங்க ஊருக்குப் போச்சுன்னா இன்னா பதில் சொல்றது? நீயே சொல்லு."

நான் வெளியே வந்தேன். ஒருவர் பின் ஒருவராக ஆம்பளைகள் வந்துகொண்டிருந்தார்கள். காய்ந்த சட்டை, காய்ந்த தலை. அவரவர் வீட்டுப் பக்கெட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். செயலாளர் தன் வீட்டுப் பக்கெட்டைக் கையோடு தூக்கிக்கொண்டு போய்ச் செடிக்கு ஊற்றினார். சில வீட்டுப் பெண்கள் ஒன்றும் கேட்காமலே பக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. இத்தனை வருஷம் மாவோடு நாக்கையும் சேர்த்து அரைத்தவள், எனக்குத்தான் ஒரு மண்ணும் தெரியவில்லை.

பொழுது சாய்ந்த பிறகு மகள் வந்தாள். அவளோடு அந்தக் காலனிக்காரரும் லைன் ஆட்களும், எங்கள் தெருவில் விரல் விட்டு எண்ணுகிற சில பேரும் வந்தார்கள். அந்தச் சில வீட்டு வாசல்தான் நனைந்தது. அவள் எங்கள் வீட்டுப் பக்கெட் நிறைய இருப்பதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். சின்னப் பெண், ஒரு நாளில் ஒரு வயசு கூடியது போல இருந்தாள்.

"பாலத்து மேல நின்ன எல்லாருக்கும் ஒரே நேரத்துல போன் வந்துச்சு ஆன்ட்டி" என்றாள். "எல்லாரும் காதுல வச்சிக்கிட்டு அப்பிடியே நின்னுட்டாங்க. அங்கிளும்தான்."

அவள் அழவில்லை. நான்தான் அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அழுதேன். அவருக்கென்று விளாவி வைத்த தண்ணீர் அது. ஆறிப் போயிருந்தது.

பனைகளை வெட்டியதும் எல்லை போய்விட்டது என்று நினைத்தவர்கள் நாங்கள். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே எல்லை ஓடுகிறது என்று சிரித்தவள் நான். அது எங்கே ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது. அதில் ஒரு பக்கத்தில் என் வீட்டுக்காரர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாளும் சாவு வீட்டுக்குச் சாப்பாடு என் வீட்டிலிருந்துதான் போனது. இன்னும் ரெண்டு மூன்று வீடுகளிலிருந்து வந்தது. மற்றவர்கள் கேட்டைத் திறக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார்கள், ஏதும் நடக்காதது போல. சங்கத்தில் நகருக்கென்று தனியாக ஒரு சுடுகாடு கேட்டு மனுக் கொடுப்பது என்று முடிவானது. சுற்றுச்சுவரோடு வேண்டும் என்று செயலாளர் அழுத்திச் சொன்னார். நான் எழுந்து, "சுவத்துக்குள்ள யாரு யாரு வரலாம்னும் இப்பவே எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு அது மானக்கேடாகிவிட்டது. வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார்.

அதற்கடுத்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். விடிந்து வந்து இட்லி தின்றுவிட்டுப் படுத்தார். நான் துண்டைக் கையில் எடுத்தேன். கேட் வரை போனேன். எதிர் வீட்டு கேட்டில் அவள் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். நான் துண்டைக் கட்டவில்லை. தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, ஊற வைத்த அரிசியைக் கிரைண்டரில் கொட்டி சுவிட்சைப் போட்டேன். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறந்துகொள்ளட்டும் என்று உளுந்தையும் எடுத்து வைத்தேன்.

ஆனால் பாழாய்ப் போன மனசு கேட்கவில்லை. நடுவே ரெண்டு தரம் உள்ளே போய் அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். மூன்றாம் தரம் குனிந்த போது கண்ணைத் திறந்தார்.

"இன்னாடி இது சத்தம்? துண்டு கட்டலியா?"

"கட்டல."

"ஏன்?"

"நான் செத்தா என்னை அந்தப் பாலத்துக்கு அந்தாண்டதான் கொண்டு போவணும். எதிர் வூட்டுக்காரர் பக்கத்துல. காலனிக்காரர்கிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டாரு." உண்மையில் அதுவரை அப்படி நான் சொல்லியிருக்கவில்லை, அன்று சாயங்காலம் போய்ச் சொல்லிவிட்டேன். "நீங்க கூட வருவீங்களா, இல்ல பாலத்து மேல நின்னு போன் பேசுவீங்களா? அத மட்டும் இப்ப சொல்லிட்டுத் தூங்குங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை, முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. நான் கட்டிலோரம் நின்றுகொண்டே இருந்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் ஆகப் போகிறது. இன்னும் சொல்லவில்லை.